அக்காவின் முகத்துக்கு ஒரு லென்ஸ்

...மங்கலாக்குகிற லென்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார், "முகம் எடுக்கணும்னா இதுதாம்மா, வடு, சுருக்கம் ஒண்ணும் தெரியாது, பூ மாதிரி வரும்" என்றார், பூவாம், பூவை யார் கேட்டது? முகவாதம் வந்து இடப்பக்கம் வாய் கோணிப்போனதிலிருந்து கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடும் அக்கா, நேற்றுத் துணி மடித்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போகச் சொல்வதுபோல, "உன் பெரிய பெட்டியிலே என்னை ஒரு படம் எடுடி, உள்ளபடியே எடு, பூசி மெழுகாதே" என்றாளே... அந்தப் பெட்டிக்குள் போகும் ஃபிலிம் உள்ளங்கையைவிடப் பெரியது, மயிர்க்கால்கூடத் தப்பாது, அது அக்காவுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டாள்.

முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குவது என்று முடிவு கட்டித்தான் வந்தாள், தள்ளி நின்று எடுக்கலாம், மூக்கு புடைக்காது, முகத்தின் அளவு கெடாது, காரணத்துக்கா பஞ்சம்? கடைக்காரரையே ஜன்னலோரம் உட்காரவைத்து, கொண்டுவந்த பெட்டிக் கேமராவில் முந்நூறை மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள், கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் அவர் தலைகீழாக, மீசை முடி ஒவ்வொன்றும் துல்லியமாக, எங்கேயோ தூரத்தில்... "இருநூத்திப் பத்தும் போட்டுப் பாருங்க, ஆனா கிட்டப் போகணும், உங்க மூச்சு அவங்க மேல படும்" என்றார் அவர். படட்டுமே, படக்கூடாதா என்ன? தள்ளி நின்று எடு என்று அக்கா சொன்னாளா? இல்லையே, பிறகு இந்தத் தூரம் யாருக்காக? சாப்பிடும்போது, பேருந்தில், ஆஸ்பத்திரி பெஞ்சில், எப்போதும் அக்காவின் வலப்பக்கம்தானே போய் உட்கார்கிறோம், தற்செயலா அது, இத்தனை வருஷமாகவா?... துணியை விலக்கி நிமிர்ந்தாள். "முந்நூறு வேண்டாங்க. இருநூத்திப் பத்தையே குடுங்க." "யோசிச்சுட்டீங்களா?" "யோசிச்சாச்சு."

தெருவில் வெயில், தோளில் பை இழுத்தது, நடையைத் தளர்த்தவில்லை, இன்றே எடுத்துவிட வேண்டும், வெளிச்சம் இடப்பக்கம் விழட்டும், நாற்காலி ஜன்னலை ஒட்டி, கேமரா கைக்கெட்டும் தூரத்தில், ஷட்டரை அழுத்தும் நேரம் பார்த்து அக்கா சிரித்துவிட்டால்? சிரித்தால் அந்த இடது கண் சுருங்குமா, அப்படியே திறந்து நிற்குமா, நீர் கோக்குமா... அக்காவோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள், ஆனாலும் அவளுக்குத் தெரியவில்லை.