கைபடாத புத்தகங்கள்

நூலக அறை பறிபோகப் போகிறது என்ற பேச்சு பள்ளி முழுக்க அடிபட்டது. பிள்ளைகள் யாரும் அங்கே படிப்பதில்லை, அறையைப் பழைய பரீட்சைத் தாள் அடுக்க எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். நேரில் பார்த்து முடிவு சொல்ல மறுநாள் அதிகாரி வருகிறார். லைப்ரரி அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அலமாரியைப் பார்த்த தலைமையாசிரியை முகம் சுளித்தார். "என்னம்மா இது, அட்டை கிழிஞ்சு, ஓரமெல்லாம் அழுக்கு! இதெல்லாம் அவர் கண்ணுல படக் கூடாது. நன்கொடையா வந்ததே, அந்தப் புதுசை முன்னால அடுக்குங்க."

"அதைப் பிள்ளைங்க தொடுறதே இல்லீங்க, டீச்சர்."

"தொடாட்டி என்ன? பார்க்க லட்சணமா இருக்குல்ல?"

அக்கா புதுப் புத்தகங்களை முன்னால் அடுக்கினாள். ஊசியும் பசையுமாக உட்கார்ந்து தானே தைத்து ஒட்டிய புத்தகங்களைச் சாக்கில் கட்டி மேசைக்கு அடியில் தள்ளினாள். புதுப் பிரதி கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிதான் இதுவரை பதில்.

அதிகாரி வந்தார். ஒரு புத்தகத்தை உருவி விரித்தார், அதன் முதுகு மளுக்கென்றது. அச்சகத்தில் வெட்டாமல் விட்ட தாள்கள் இரண்டு உள்ளே ஒட்டியபடியே இருந்தன. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

"புகார் எழுதினவங்க பொய் எழுதலையேம்மா. ஒரு கைகூடப் படலையே."

தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். சாக்கை அவிழ்த்தால் மானம் போகும். அவிழ்க்காவிட்டால் அறை போகும். அக்கா குனிந்து சாக்கை இழுத்து அப்படியே கொட்டினாள்.

"கைபட்டதெல்லாம் இங்க இருக்கு, சார். நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

அதற்குள் இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வாசலில் முண்டினார்கள். முன்னால் நின்றவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் ஓயாது.

"ஐயையோ, அக்கா! நம்ம புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போடுறீங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. குவியலிலிருந்து உடல் உறுப்புகள் பற்றிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சிரிப்பு நின்றது. "இதயத்தைப் பத்தின பக்கத்தையே காணோமே. எப்படிப் படிக்கிறீங்க?"

"அது உதிர்ந்து போச்சு, சார். முன்னாடி அதைப் படிச்ச பெரிய கிளாஸ் அக்கா எனக்குச் சொன்னாங்க. நான் சின்ன கிளாசுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்," என்றாள் ரேடியோ.

"எங்க, சொல்லு பார்ப்போம்."

அவள் கையை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "இதான் இதயம். அழுக்கு ரத்தம் இடப்பக்கம் வந்து சேரும். அங்கேருந்து நுரையீரலுக்குப் போய்..."

லைப்ரரி அக்காவுக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் கூடிக் கூடிச் சொல்லிக்கொள்வதைப் பார்த்துப் பூரித்தவள்தான் அவள்; ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"வலப்பக்கம்டா, கண்ணு," என்றாள் மெல்ல.

ரேடியோ வாயடைத்து நின்றாள். அதிகாரி அந்தப் புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அறை இங்கேயே இருக்கும். அதை நான் இப்பவே எழுதிடுறேன். புதுப் புத்தகத்துக்கு இதைக் கொண்டுபோய் மேலிடத்து மேசையில போட்டுத்தான் கேக்கணும். கிடைக்கும்னு வாக்குக் குடுக்க என்னால முடியாது."

அவர் போன பிறகும் அந்தப் பெண் மூடிய கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

"அப்போ நான் சொல்லிக் குடுத்தவங்களையெல்லாம் தேடிப் போய்த் திருத்திச் சொல்லணுமா, அக்கா?"

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "வா, நானும் வர்றேன்."