சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்

வலது காலை இழுத்து நடக்கும் அந்த ஆள் முதன்முதலில் தென்பட்டது பல் டாக்டர் எழுதிய நகைச்சுவைக் கதையில். அப்போது அவர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பொய்ப்பல் தொலைந்துபோகிற கதை அது, அதில் அவருக்கு வேலையே கிடையாது. டாக்டர் அவரை எழுதவும் இல்லை. கதை எழுதுகிற மூன்று பேர் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கும்போது பார்த்தால், அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். சில வருஷம் கழித்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் காதல் கதையில் பாலத்தைத் தாண்டி, ஒரு பெட்ரோல் பங்கில் நின்று தண்ணீர் குடித்தார். அந்த மாதம் ஊரில் நிஜமாகவே பாலத்தில் விரிசல் விட்டது, பெட்ரோல் பங்க் எரிந்தது. அவர் வரும் வரிகளை அடித்துவிட்டு எழுதிப் பார்த்தார்கள், நடை வேகமானது. எழுதுவதையே கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார்கள், திரும்ப எழுத உட்கார்ந்தபோது ஊருக்குள் பாதி தூரம் வந்திருந்தார். எழுதுகிற ஆள் கூடக்கூட அவர் மெதுவாக நடப்பார் என்று வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் கூட்டத்துக்கு ஆள் தேவை என்று நூலகத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

அதைப் பார்த்து வந்தவள் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் எழுதி, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். லிப்ட் மெக்கானிக்கான கணவனிடம் ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவன் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிப்போனான். கூட்டம் நடக்கும் சலவைக் கடை வரை வந்து, மாடிப்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதே அவளுக்குச் சில வாரம் வாடிக்கையாக இருந்தது. கடைசியில் கூட்டத்தின் மூன்றாவது ஆளான சலவைக் கடைக்காரம்மாவே இறங்கி வந்து கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். திரைச்சீலை வாங்கப் போகும் இரண்டு சகோதரிகளைப் பற்றிய கதையை அவள் வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் பல் டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த ஆளு எங்கம்மா நிக்கிறாரு?”

“பஸ் ஸ்டாண்டு முக்குல. ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“அவ்வளவுதான், நீங்க சேந்தாச்சு,” என்றார் வாத்தியார்.

விஷயத்தை அவர்கள் விளக்கிச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் கொட்டாவி விடாமல் தன் கதையைக் கேட்ட சந்தோஷத்தில் வீடு வரை நடந்தே போனாள். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு முக்கில் இருந்த மருந்துக் கடையின் கூரை உள்ளே விழுந்தது. அதன்பிறகு அந்த ஆள் மற்ற மூவரின் கதைகளிலிருந்தும் காணாமல் போய் அவளுடையதில் மட்டும் வந்தார். பாரம் இறங்கிய மூவரும் அவளுக்கு ஆப்பிள் வாங்கி வந்து கொடுத்தார்கள், முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர் மார்க்கெட்டைக் கடந்தார், அவளுடைய மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து மதிலில் சாய்ந்து இளைப்பாறினார். மதில் சரிந்தது, விடுமுறை நாள் என்பதால் யாருக்கும் அடியில்லை. அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதாமல் இருந்துவிடு, யார் உன்னை அடிக்கிறார்கள் என்று அவன் கேட்டான். அவளும் பேனாவை மூடி வைத்தாள்.

அடுத்து ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோக, கணவன் அட்டையில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டான். லிப்ட் பழுது, படியில் ஏறவும் என்பதற்கு மேல் அவன் ஒன்றும் எழுதவில்லை. காவலாளி கூப்பிட்டுக் காட்டினார். கீழே அவன் கையெழுத்திலேயே இன்னொரு வரி இருந்தது: காலை இழுத்து நடக்கும் ஒருவர் உன் தெருமுனையில் நிற்கிறார், உன் மகள் எத்தனை மணிக்கு வருவாள் என்று விசாரிக்கிறார். அவன் அட்டையைக் கழற்றிக்கொண்டு பாதி வேலையில் வீட்டுக்கு வந்தான்.

“எழுது,” என்றான் மனைவியிடம். “என்ன எழுதணுமோ எழுது. அவரு இங்க வர வேணாம்.”

அவள் சமையல் மேடையிலேயே காகிதத்தை வைத்து எழுதினாள். துரத்தவில்லை, அடிக்கவில்லை. ஐயா, நீங்கள் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. சனிக்கிழமைக் கூட்டம் எங்கே நடக்கிறது, வழி பிடிபடவில்லை என்றார் அவர். நேரே போய் இடது பக்கம் திரும்பினால் சலவைக் கடை, அதன் மாடி என்று அவள் எழுதினாள்.

அந்தச் சனிக்கிழமை அதை அவள் வாசித்து முடிப்பதற்குள் படியில் ஒரு கால் ஊன்றும் சத்தமும் ஒரு கால் இழுபடும் சத்தமும் கேட்டன. வந்தவர் சாதாரணமாகத்தான் இருந்தார், நன்றாக வியர்த்திருந்தது. அறிவிப்பைப் பார்த்துக் கிளம்பியதாகச் சொன்னார். அறிவிப்பு ஒட்டுவதற்குப் பல வருஷம் முன்பே அவர் நடக்கத் தொடங்கிவிட்டாரே என்று கணக்கு வாத்தியார் கேட்டுப் பார்த்தார். தூரம் அதிகம் என்று பதில் வந்தது. நாற்காலி போட்டார்கள். அவர் சட்டைக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்து வாசித்தார். அதில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வெளியூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நடை அழகாக இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், வாத்தியார் உட்பட.

அடுத்த வாரம் வாத்தியார் வரவில்லை. காலையில் குடையோடு போனார், ஒரு காலை இழுத்த மாதிரி இருந்தது என்று அவர் மனைவி சொன்னார். பிறகு பல் டாக்டர், பிறகு சலவைக் கடைக்காரம்மா. மாடியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய சனிக்கிழமை, லென்ஸ் பொருத்துகிற ஒருத்தி கடையைப் பூட்டிவிட்டு இறங்குவதாக அவர் வாசித்தார். அவள் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், நன்றாக இருந்தது. பிறகு தன் வீட்டாரை விட்டுவிடும்படி சொன்னாள்.

“அவங்க எழுதுவாங்களா?” என்று கேட்டார் அவர்.

“மாட்டாங்க,” என்றாள்.

அவர் தலையாட்டினார்.

அவள் பாலத்தைத் தாண்டிப் போவதைப் பால் வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். கண்ணாடிக் கடையில் வேறு ஆள் வைத்தார்கள். மகளுக்கு இப்போது கணவன்தான் தலை வாரிவிடுகிறான். அவளுக்குக் கையில் வலி, எழுத முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறான், அவளும் பாடங்களை வாயாலேயே ஒப்பிக்கிறாள். எங்காவது லிப்ட் நின்றுபோனால், சரியாகும்வரை அவன் வாசலிலேயே நின்று வருகிற ஒவ்வொருவரிடமும் படியில் ஏறச் சொல்கிறான்.