அறுபது நல்ல கைகள்

கருவியின் திரையில் பச்சை எரிந்தது. பச்சை என்றால் நல்ல தோல், வைத்தியம் வேண்டாம் என்று அர்த்தம். பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் மாரிசெல்வியின் கையோ முந்தின நாள் வெடிமருந்து பற்றி வெந்து கொப்புளம் கட்டிக் கிடந்தது. வினோலியா கருவியைத் துடைத்தாள். மூன்று தரம் வைத்துப் பார்த்தாள். மூன்று தரமும் பச்சைதான்.

ஆமத்தூர் நர்ஸ் ஜெயசீலியின் மகள் வினோலியா, பெங்களூரில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றின் தலைவி. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, தீக்காயம் எவ்வளவு ஆழம் என்று சொல்லும் இந்தக் கருவி அவளுடைய பதினைந்து வருஷ உழைப்பு. ஊரில் எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று அவளும் சொல்லிச் சலித்துவிட்டாள். அடுத்த மாதம் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி போகிறது. அதற்கு முன் கடைசிச் சோதனை, சிவகாசியில்.

நல்ல தோல் எப்படியிருக்கும் என்று கருவிக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரத் தோலைப் பார்த்துப் படித்த கருவி நம் ஜனங்களுக்கு உதவாது என்று கூட்டங்களில் அடித்துப் பேசியவள் அவள்தான். 2003இல் சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்துக்கே வந்து அறுபது பேரின் கைகளைப் பதிவு செய்தாள். கேள்விகளையும் அவளே கேட்டாள். சொந்த ஊர்க்காரி, அவளுக்குத் தெரியாத பேச்சா? அந்த வீம்புக்குத்தான் பரிசும் பேரும் கிடைத்தன.

"எதுக்கு டாக்டரம்மா இப்படி முளிக்கீக?" என்றாள் மாரிசெல்வி. "அஞ்சு வருசத்துக்கு முன்னாலயும் இந்தக் கையத்தான காட்டுனேன். அப்பவும் பச்சப்புண்ணாத்தான் இருந்துச்சு."

"தீக்காயம் இருக்கான்னு கேட்டேனே. இல்லைன்னுதான சொன்னே?"

"ஆமா. அது சூடு பட்டது. ஆஸ்பத்திரியில வாழையெலயில கெடத்துனாத்தான தீக்காயம்? சூடு படாம யாரு மருந்து அடைக்கா? அன்னைக்கு வந்த அம்புட்டுப் பேருக்கும் இருந்துச்சு."

வினோலியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெந்த கைகளைக் காட்டி இதுதான் நல்ல தோல் என்று கருவிக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பச்சையை நம்பி, ஒட்டுத்தோல் வைக்க வேண்டியவர்களை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாரிசெல்வியைக் கட்டுப்போட அனுப்பிவிட்டு, பெங்களூருக்குப் போன் போட்டாள். எடுத்தது உதவியாளன் பிரபாகரன்.

"ஒரு கருவிகூட வெளியே போகக் கூடாது. தப்பு என்னோடது."

"மேடம், அந்தப் பரிசு..."

"திருப்பிக் கொடுத்துடலாம்."

கட்டுப்போட்ட கையோடு மாரிசெல்வி திரும்பி வந்தாள். வினோலியா இந்த முறை வார்த்தையைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள்.

"சூடே படாத கை அறுபது வேணும். உங்க ஊருல கெடைக்குமா?"

மாரிசெல்வி தெருத் தெருவாக மனசுக்குள் நடந்து பார்த்தாள். பிறகு முகம் தெளிந்து சொன்னாள்.

"கெடைக்கும் டாக்டரம்மா. கைப்பிள்ளைகளா இருந்தாப் பரவாயில்லையா?"