அரும்பு வரிசை

செல்லூர்ப் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியையாக வந்த அனுசுயா, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கும் திறனுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று வரிசையாக உட்கார வைத்திருந்தாள். ஒரு பிள்ளையையாவது மேல் வரிசைக்கு ஏற்றிக் காட்டினால்தான் அவளுக்கு மதிப்பெண். அரும்பிலிருந்த முத்துமீனாவைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். நேற்று ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளை, இன்று மதிப்பெண் போடப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து மேடம் பார்க்க வந்ததும் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு மாசமா இதைத்தான் செஞ்சியாம்மா?" என்று கேட்டுவிட்டு, மேடம் ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அனுசுயாவுக்கு அழுகை முட்டியது. "என் மானத்த வாங்கவாடி வந்த? நேத்து அம்புட்டையும் படிச்சேல்ல?"

"படிச்சா மொட்டுக்கு மாத்திருவீங்கல்ல, டீச்சர்."

"மாத்துனா என்னடி?"

முத்துமீனா பக்கத்திலிருந்த யாழினியைக் காட்டினாள். "இவளுக்கு நாலு எழுத்துதான் தெரியும். அதுவும் நாஞ் சொல்லிக் குடுத்தது. நீங்க ஒரு மாசமா என்னைய மட்டுந்தான படிக்கக் கூப்புடுறீங்க?"

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். அனுசுயா கோபம் தணியாமலே நாற்காலியை யாழினி பக்கம் இழுத்துப் போட்டாள்.