இதயத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு

கனத்த ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, இதயத்தை ஒலியலைப் படமாகப் பார்த்துச் சொல்லும் எக்கோ டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள். காலையிலிருந்து நின்றதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"மேடம், இன்னும் ஒருத்தர் இருக்கார்" என்றாள் நர்ஸ்.

"இருப்பார், இருப்பார். எனக்குத்தான் இடுப்பு இல்ல" என்று முனகிக்கொண்டே எழுந்தாள்.

படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை இதயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாயம் செலுத்தினால் எக்ஸ்ரே திரையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் அவருடைய சிறுநீரகம் அதைத் தாங்காது. மயக்கத்தில் இருந்தவரின் தொண்டைக்குள் இறக்கிய எக்கோ குழாய் காட்டும் படத்தைத்தான் நம்பியாக வேண்டும்.

"சரியா இருக்கா?" என்றார் வால்வைச் செலுத்திய பெரிய டாக்டர்.

"இன்னும் கொஞ்சம் கீழே... போதும். விரிங்க சார்."

வால்வு கச்சிதமாக உட்கார்ந்தது. கசிவு இல்லை.

"அப்பாடா! குழாயை எடுத்துடுங்க, வீடு போய்ச் சேரலாம்" என்றார் பெரிய டாக்டர்.

அவளுக்கும் அதே ஆசைதான். கண் எரிந்தது. இருந்தும் உருவுவதற்கு முன் ஒருமுறை குழாயைத் திருப்பிப் பார்த்தாள். இதயத்தின் பின்புறம் மெல்லிய கறுப்புக் கோடு.

"சார், வெளியே ரத்தம் சேர்ற மாதிரி இருக்கு."

"அது கொழுப்பும்மா. முதல்லயே இருந்துச்சே."

"கொழுப்பு இருந்தது முன்பக்கம் சார். இது பின்பக்கம்."

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு? நீங்க களைச்சுப் போயிருக்கீங்க."

களைப்பு உண்மைதான். தன் கண்மேலேயே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "கொஞ்சம் பொறுங்க சார்" என்று மட்டும் சொன்னாள். திரையில் கோடு மெல்லத் தடித்தது. பிரஷர் இறங்கத் தொடங்கியது.

"ஊசி குடு" என்றார் பெரிய டாக்டர் நர்ஸிடம்.

வால்வைக் கொண்டுபோன கம்பியின் நுனி இதயச் சுவரில் எங்கோ குத்தியிருந்தது. எக்கோ படத்தைப் பார்த்து அவள் இடம் சொல்ல, அவர் ஊசியை இறக்கி ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். வெகுநேரம் காத்திருந்தார்கள். மறுபடி சேரவில்லை.

வெளியே வந்த எக்கோ டாக்டரைக் கண்டு ஓட்டுநரின் மனைவி எழுந்து நின்றாள்.

"வால்வு நல்லா உட்கார்ந்துடுச்சும்மா. நடுவுல இதயத்தைச் சுத்தி ரத்தம் கசிஞ்சுது, எடுத்துட்டோம். இப்ப நின்னுடுச்சு. நாளைக்கு வரைக்கும் கண்காணிப்புலயே இருக்கட்டும்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க முகமே செத்துக்கிடக்கே. உட்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். "எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்! ஊரெல்லாம் ரயில் ஓட்டினவரை வீட்டு வாசல் தாண்ட வைக்க முடியலையே" என்று அந்த அம்மா புருஷனின் பிடிவாதத்தைப் பாட ஆரம்பித்தாள். பாதி கேட்பதற்குள் எக்கோ டாக்டரின் தலை சுவரில் சாய்ந்தது. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, செருப்புச் சத்தத்தோடு வந்த யாரையோ கையசைத்து அடக்கினாள்.