எலிசபெத்தம்மாவின் உப்பு ஒத்தடம்

1

இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததில்லை. கோட்டைக்குப்பத்துக்கு இறாலைப் பற்றி எழுதத்தான் போனேன். எலிசபெத்தம்மா தன் புருஷன் ஜெரோமைப் பற்றிச் சொன்னார். இறாலை மறந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: அந்தப் பிளாஸ்திரிதான் ஜெரோமுக்கு எமனாக...

(அடித்துவிட்டேன். அபாண்டம். எழுபது தாண்டிய மனுஷனுக்குப் புற்றுநோய் எலும்பில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் முதுகில் வலிப் பிளாஸ்திரி ஒட்டிவிட்ட பிறகுதான் எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டார். அதில் இருப்பது மார்ஃபின் குடும்பத்து வலி மருந்து. அளவாக இறங்கினால் வரப்பிரசாதம்.)

3

அடுத்து மகன் ஜோயலை வில்லனாக்கிப் பார்த்தேன். "பிளாஸ்திரி மேல சூடு படவே கூடாது. பட்டா மருந்து மொத்தமா ஏறி மூச்சு அடங்கிடும்" என்று நர்ஸ் சொன்னது அவனிடம்தான். தலையாட்டினான். மீஞ்சூர் கம்பெனியில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "நைனாவ பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லி, அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ஓடினான். அவனைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. அவன் ஓடியதும் அந்த வீட்டுச் சோற்றுக்காகத்தான்.

4

நடந்தது இதுதான். மறுநாள் மதியம் முதுகு குடைகிறது என்றார் ஜெரோம். அவர் வலை இழுத்த காலத்திலிருந்தே அதற்கு எலிசபெத்தம்மாவிடம் ஒரே வைத்தியம். கல்லுப்பை வறுத்து, பழைய லுங்கித் துணியில் முடிந்து, சூடு ஆறுவதற்குள் ஒத்தடம். அன்றும் வைத்தார். பிளாஸ்திரியின் மேலேயே.

"கொறட்ட வுட்டுத் தூங்கினாரு தம்பி. வலியில கண்ணே மூடாத மனுசன். நல்லா தூங்கட்டும்னு டிவிய கூட நிறுத்திட்டேன்."

(அது தூக்கமில்லை, மூச்சுத் திணறிய சத்தம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னாராம். உடனே எழுப்பிப் பார்த்திருந்தால்... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

5

ஒரு முடிவு எழுதினேன். எலிசபெத்தம்மா பிளாஸ்திரியைப் பிய்த்துப் போடுகிறார், 108 வருகிறது, ஜெரோம் கண் விழிக்கிறார். ஆசையாகப் படித்துக் காட்டினேன்.

"அவரு பொழச்சதெல்லாம் வேணாம் தம்பி. நான் உப்பு வறுக்குறப்போ, யாருனா வந்து என்னாண்ட ஒரு வார்த்த சொன்ன மாதிரி எழுது. அது போதும்."

யாரை அனுப்புவது? நர்ஸ் ஆஸ்பத்திரியில். ஜோயல் கம்பெனியில். நான் அந்த ஊருக்குப் போனதே எல்லாம் முடிந்த பிறகு. விஷயம் தெரிந்தவர் என்று மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

கதவு திறந்திருக்கிறது. சட்டியில் உப்பு வெடிக்க ஆரம்பித்துவிட்டது. எலிசபெத்தம்மாவைக் கூப்பிடுங்கள்.