ஏழு பெட்டி இசை

அப்துல் ஷுக்கூரின் ரேடியோ ரிப்பேர் கடை பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், காய்கறி மண்டிக்குத் திரும்பும் சந்தின் முனையில் இருந்தது. 1973 ஆடி மாதத்தில் என் வீட்டு ரேடியோ கரகரக்க ஆரம்பித்தது. அதைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். நான் அப்போது அந்த ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்.

கடையில் ஷுக்கூர் பாயைக் காணோம். அவருடைய மேஜைக்கு முன்னால், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். அவற்றின் முகத்தில் வரிசையாகத் துளைகள். ஒரு பெட்டியின் துளையில் இருந்த ஒயரைப் பிடுங்கி இன்னொரு பெட்டியில் செருகினார். பிறகு அசையாமல் உட்கார்ந்தார்.

"பாய் இல்லீங்களா?" என்றேன்.

என்னைப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பொறுத்திருக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. என் கைக்கடிகாரத்தில் ஆறு நிமிஷம் ஆனது. அப்புறம்தான் ஹெட்போனைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க சார். பாதியில வுட்டா மறுபடி மொதல்லருந்து வரணும். பாய் டீ குடிக்கப் போயிருக்காரு."

அவர்தான் தீர்த்தம்மாள். பாலக்கோட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு. கணவர் காளியப்பனுக்கு சர்க்கரை ஆலையில் பாய்லர் வேலை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இத்தனை கவனமாக ஒரு மனுஷி எதையோ கேட்டுக்கொண்டிருப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அது எப்படி ஆரம்பித்தது என்பதை அவரே ஒருநாள் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். மண்டி வியாபாரி ஒருவர் சேலத்துக்கும் ஓசூருக்கும் ஒரே சமயத்தில் டிரங்க் கால் கேட்டிருக்கிறார். தீர்த்தம்மாள் இரண்டு ஊருக்குமான ஒயர்களை எக்ஸ்சேஞ்சின் இணைப்புப் பலகையில் செருகினார். இரண்டு ஊரிலும் மணி அடித்தது. இரண்டு ஊரிலும் யாரும் எடுக்கவில்லை. இரண்டு மணியும் அவர் காதில் சேர்ந்து கேட்டன. சேலத்து மணி கொஞ்சம் வேகம், ஓசூர் மணி ஒரு இழை தாமதம். முதலில் ஒன்றாக அடித்தவை மெல்ல விலகின. ஓசூர் மணி சேலத்து மணியின் எதிரொலி மாதிரி ஆனது. பிறகு அது அடிக்கும் இடைவெளியில் இது அடித்தது. பிறகு ஒன்றை ஒன்று துரத்தியது. கடைசியில் இரண்டும் மறுபடி ஒன்றாயின.

"நான் கேட்டது லைன் கெடைச்சுதா இல்லியான்னு! தூங்கிட்டியாம்மா?" என்று வியாபாரி கத்திய பிறகுதான் தீர்த்தம்மாளுக்கு வேலை ஞாபகம் வந்ததாம்.

அந்த வாரமே ஷுக்கூர் பாயின் கடைக்கு வந்து நின்றிருக்கிறார். பாய் அதை என்னிடம் பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"பாய், போன்ல மணி அடிக்குதில்லீங்களா, அந்த மாதிரி ரெண்டு சத்தம் பண்ண முடியுங்களா? ஒண்ணு கொஞ்சம் முந்தணும், ஒண்ணு பிந்தணும்."

"பண்ணலாம்மா. எதுக்கு?"

"கேக்கறதுக்குத்தான்."

"இருபது வருஷமா தொழில் பண்றேன் சார்," என்பார் பாய். "வர்றவங்க அத்தனை பேரும் இந்தச் சத்தத்த நிறுத்துன்னுதான் வருவாங்க. சத்தம் வேணும்னு வந்த ஒரே ஆளு இந்தம்மாதான். எப்பிடி முடியாதுன்னு சொல்றது?"

முதலில் ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்து மூடிவிடலாம் என்றுதான் பாய் நினைத்திருக்கிறார். தீர்த்தம்மாள் சம்மதிக்கவில்லை. ஒலி தரும் பெட்டி தனியாக வேண்டும். அந்த ஒலியை விட்டு விட்டு வரவைக்கும் பெட்டி தனி. எத்தனை வேகத்தில் என்று தீர்மானிக்கும் பெட்டி தனி. எல்லாவற்றையும் கலந்து வெளியே அனுப்புவது தனி. எக்ஸ்சேஞ்ச் பலகையில் எந்த வீட்டையும் எந்த வீட்டோடும் ஒரு ஒயரால் சேர்த்துவிடுகிற மாதிரி, எந்தப் பெட்டியையும் எதனோடும் சேர்க்க முடிய வேண்டும்.

"எதை எதோட கோக்கறதுன்னு இப்பவே எப்பிடிங்க பாய் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். பாய் ஒத்துக்கொண்டார். பழைய ரேடியோ சாமான் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் பழைய டெலிபோன் ஒயர்களையும், பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு ஹெட்போனையும் வாங்கி வந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நான் பார்த்தபோது ஏழு ஆகியிருந்தன. எல்லாம் டார்ச் பேட்டரியில் ஓடின.

ஒரு தொல்லை இருந்தது. பாய் போட்டிருந்த டிரான்சிஸ்டர்கள் சூடு தாங்காதவை. காலையில் ஒரு சுதியில் இருக்கும் ஒலி வெயில் ஏற ஏற மேலே போய்விடும். பாய் ஈரத்துணி சுற்றிப் பார்த்தார். மண்பானைக்குள் வைத்துப் பார்த்தார். கடைசியில் வேறு விலை உயர்ந்த டிரான்சிஸ்டருக்கு எழுதிப் போடலாம் என்று உட்கார்ந்தபோது தீர்த்தம்மாள் தடுத்துவிட்டார்.

"இதை நிறுத்தாதீங்க பாய். அது பாட்டுக்கு மெதுவா நடந்து போவுது. நானும் கூடவே நடக்கறேன்."

அதன் பிறகு ஒலி தரும் மூன்று பெட்டிகளில் ஒன்றை ஜன்னலோரம் வெயிலிலும் மற்ற இரண்டை நிழலிலும் வைத்துப் பழகினார். வெயிலில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத மாதிரி உயரும். நிழலில் இருப்பவை அப்படியே நிற்கும். நடுவில் அவர் ஒயர்களை மாற்றிக்கொண்டே போவார். எந்த நிமிஷத்தில் எந்த ஒயர் என்பதைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். அதைச் செய்ய அவருக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒவ்வொரு வாரமும் நான் போய் "எவ்வளவு தூரம் வந்திருக்குது?" என்று கேட்பேன். "ஒரு ஒயரை எடுத்துட்டேன் சார், இப்ப நல்லாருக்குது" என்பார். சேர்த்தேன் என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றே ஒலிகள், திரும்பத் திரும்ப. "ஏம்மா மூணே மூணு? ஏழு சுரமும் வெக்கலாமே?" என்றேன்.

"மூணையே இன்னும் முழுசாக் கேட்டு முடியலீங்க சார்."

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, மூன்றும் சேர்ந்து, அங்கே இல்லாத நாலாவது ஒன்றைப் பாட ஆரம்பித்தன. ஹெட்போனைக் கழற்றிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன். தீர்த்தம்மாள் சிரித்தார்.

அதற்கப்புறம் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில், வெளிநாட்டில் அறை கொள்ளாத அளவுக்கு இந்த மாதிரி யந்திரம் வைத்து இசை செய்கிறார்கள், அதற்கு சிந்தசைசர் என்று பெயர் என்று படித்தேன். படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஷுக்கூர் பாய் பெருமையில் டீ வாங்கிக் கொடுத்தார். தீர்த்தம்மாள் அந்த ஒயர்க் காட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இவங்களுக்கும் சூட்டுல சுதி ஏறுங்களா சார்?"

அடுத்த பிப்ரவரியில் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் என்று எழுதி தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கினேன். காலை வெயில் விழும் கிழக்கு வராந்தாவில் மேஜை போட்டோம். பாய் தன் ஆம்பிளிஃபயரையும் ஒரு குழாய் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து கட்டினார். மண்டிக்கு வந்தவர்கள், பெற்றோர்கள், பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். ஷிஃப்ட் முடிந்து காளியப்பனும் வந்து ஒரு தூணில் சாய்ந்து நின்றார். அவர் மனைவியைத் தடுத்தவர் அல்ல, ஆனால் இதில் அவருக்கு மனசு ஒட்டவும் இல்லை. "நாள் பூரா மில்லுல இரைச்சல் கேட்டுட்டு வர்றேன். இவ தேடிப்போயி இரைச்சல் பண்றா," என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்குத் தீர்த்தம்மாள் முதல் ஒயரைச் செருகினார்.

மூன்று நிமிஷம் கூட்டம் அமைதியாக இருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "ரெக்கார்டு மாட்டிக்கிச்சு! ஊசியத் தூக்கி வையுங்கப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் என் பக்கத்தில் வந்து, "மாயவன், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

"ஆரம்பிச்சிருச்சுங்க சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தீர்த்தம்மாள் திரும்பவே இல்லை. முதுகை நேராக வைத்து, நோட்டைப் பார்த்து, அடுத்த ஒயரை எடுத்தார்.

எட்டாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. குழாய் ஸ்பீக்கர் ஊமையானது. தொல்லை ஒழிந்தது என்று சிலர் கைதட்டினார்கள். பாயின் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்திரலாமாம்மா?" என்று குனிந்து கேட்டார்.

தீர்த்தம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெட்டிகளுக்கு கரண்ட் வேண்டியதில்லை. அவர் காதில் இசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தில் தக்காளிக் கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம் நீட்டினார். மண்டியில் சில்லறைக்குத் தக்காளி விற்கும் ராமக்காள் அது. அவர் தயங்கிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, வாங்கி மாட்டிக்கொண்டார். கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது. கொஞ்ச நேரம் முகத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் வாய் பிளந்தது.

"அய்ய, உள்ள ரெண்டு பேரு நடக்கறாங்கய்யா! ஒருத்தன் நொண்டறான். இரு, இரு… இப்ப ஓடறாங்க!"

அவ்வளவுதான். எல்லோருக்கும் அந்த ஹெட்போன் வேண்டும் என்றாகிவிட்டது. தள்ளுமுள்ளு தாங்காமல் நான் வரிசையில் நிற்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு நிமிஷம். ஊசியைத் தூக்கி வைக்கச் சொன்ன ஆளும் வரிசையில் நின்றார், தலைமை ஆசிரியரும் நின்றார்.

அன்று தீர்த்தம்மாள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. இருபத்திரண்டு நிமிஷத்துக்கு எழுதியதை ஒன்றரை மணி நேரம் நிற்காமல் கொண்டுபோனார். ஹெட்போன் மற்றவர் காதில் இருந்தது. தனக்கு ஒன்றும் கேட்காமலே, கடிகாரத்தையும் வெயிலையும் பார்த்து, மனசுக்குள் கேட்டு ஒயரை மாற்றினார். வெயில் நகர்ந்து சூடு மிஞ்சியபோது பாய் தன் குடையை விரித்துப் பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாய்… போதுங்க," என்று தீர்த்தம்மாள் நிழலைக் கூட அளந்து கேட்டார். வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அறுந்த ஒலி கிடைக்கவில்லை.

வரிசையின் கடைசியில் காளியப்பன் வந்தார். மனைவியைப் பார்க்காமல் ஹெட்போனை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. பின்னால் யாரும் இல்லாததால் நான் ஹெட்போனைத் திருப்பிக் கேட்கவில்லை. தீர்த்தம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஒயரையும் தொடாமல் இருந்தார்.

திடீரென்று காளியப்பன் தலையைத் தூக்கினார்.

"இப்ப… இப்ப ரெண்டும் ஒண்ணாச் சேந்துச்சு!"

தீர்த்தம்மாள் அப்போதுதான் திரும்பினார். "கேட்டுதுங்களா?"

"கேட்டுது. மறுபடி பிரியுது பாரு. மில்லுல ரெண்டு பம்பு இப்பிடித்தான் ஓடும். நான் அத ஒரு நாளும் கேக்கலியே." ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டார். "இதத்தான் இத்தன நாளா பண்ணினியா?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வராதுங்க. கேட்டாத்தான் வரும்."

கரண்ட் மத்தியானம் வந்தது. தலைமை ஆசிரியரே, "ஸ்பீக்கர்ல ஒரு தடவ முழுசா வையுங்கம்மா," என்றார். அப்போது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. ராமக்காள் மீந்த தக்காளியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து கேட்டார்.

அதற்குப் பிறகு தீர்த்தம்மாள் இந்த மாதிரி இசை இன்னும் நான்கு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷுக்கூர் பாயின் கடையில் பெஞ்சு போட்டுக் கேட்போம். இருபது பேருக்கு மேல் என்றைக்கும் வந்ததில்லை. காளியப்பன் ஆலையிலிருந்து யாரையாவது கூட்டிவருவார். வந்தவர் நடுவில் பேசினால் முறைப்பார்.

1978இல் எனக்கு அரூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கேட்டதுதான் அவர் செய்ததில் நீளமானது, ஐம்பது நிமிஷம். நாற்பதாவது நிமிஷத்தில் எதிரே மாரண்டஹள்ளி பஸ் வந்து ஹாரன் அடித்தது. பெஞ்சில் இருந்த இரண்டு விவசாயிகள் அந்தப் பஸ்ஸுக்காகத்தான் முதலில் கடையோரம் ஒதுங்கியவர்கள். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் எழுந்தார். மற்றவர் அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பஸ் புறப்பட்டுப் போயிற்று.